வேருக்கும் மூச்சு வேண்டும்

பெங்களூரில் லால்பாக் என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. 1760-இல் ஹைதர் அலி அதைத் தொடங்கினார். அவர் மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். இன்று அது சுமார் 240 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தின் அருகே பல நாற்றுப்பண்ணைகள் உண்டு. அவற்றை அங்கே நர்சரி என்பார்கள்.

அப்படி ஒரு நர்சரியில் இருபது ஆண்டு கூலி வேலை செய்தவர் அத்தை. ஊர் தருமபுரிப் பக்கம். மருமகள் அவரை அத்தை என்று அழைப்பாள். கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அவர் அத்தை ஆகிவிட்டார். இப்போது முழங்கால் வலி. அதனால் வேலைக்குப் போவதில்லை.

"அத்தை, நானே செடி வாங்கி விற்கட்டுமா?" என்று ஒரு நாள் மருமகள் கேட்டாள்.

"செய் கண்ணு. ஆனால் செடி என்பது உயிர். அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வைக்க முடியாது" என்றார் அத்தை.

மருமகள் சுய உதவிக் குழுவில் 6,000 ரூபாய் கடன் வாங்கினாள். ஒரு தொட்டி 300 ரூபாய் வீதம் இருபது தொட்டி அழகுப் பனை வாங்கினாள். ஒன்றை 450 ரூபாய்க்கு விற்கலாம். இருபதும் விற்றால் 3,000 ரூபாய் மிஞ்சும். பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்குக் கட்ட அந்தப் பணம் வேண்டும்.

முதல் வாரமே நான்கு தொட்டி விற்றது. அந்த நேரம் பார்த்து ஊரில் அத்தையின் மகளுக்குப் பிரசவம். அத்தை ஊருக்குப் போய்விட்டார். அது பிப்ரவரி மாதக் கடைசி.

பெயர் ஒன்று, மரம் வேறு

அந்த அழகுப் பனையை நர்சரியில் 'அரேகா பாம்' என்று சொல்வார்கள். பெயரைக் கேட்டுச் சிலர் இதைப் பாக்கு மரம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. வெற்றிலையோடு போடும் பாக்கு கமுகு மரத்தில் காய்ப்பது. இது வேறு. இரண்டும் பனைக் குடும்பம் என்பது மட்டுமே உறவு.

கமுகு ஒற்றை மரமாக நெட்டையாக நிற்கும். அழகுப் பனையோ வாழை போலத் தூரிலிருந்து பல தண்டுகள் விட்டுப் புதராக வளரும். ஓலைகள் இறகு போல வளைந்து தொங்கும். ஓலைக் காம்பு பொன் மஞ்சளாக இருக்கும். தரையில் நட்டால் 20 அடிக்கு மேலும் உயரும். தொட்டியில் வைத்தால் ஆறேழு அடியோடு அடங்கும்.

இதன் தாய்நாடு மடகாஸ்கர். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள பெரிய தீவு அது. அங்கே வெப்பமும் உண்டு, மழையும் உண்டு. அதனால் இந்தப் பனைக்கு ஈரம் பிடிக்கும். ஆனால் ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. இந்த வேறுபாடுதான் மருமகளுக்குத் தெரியாமல் போயிற்று.

மாடியில் நடந்தது

தொட்டிகள் எல்லாம் மொட்டை மாடியில் இருந்தன. மார்ச் மாத வெயில் ஏறியது. ஓலைகளில் வெளுத்த திட்டுகள் விழுந்தன. பிறகு அந்த இடங்கள் காய்ந்து பழுப்பாயின.

"தண்ணீர் போதவில்லை" என்று மருமகள் நினைத்தாள். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று ஊற்றினாள். தொட்டியிலிருந்து வழிந்த நீர் சுவரில் இறங்கியது. வீட்டுக்கார அம்மா சத்தம் போட்டார். உடனே மருமகள் ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு தட்டு வைத்தாள். நீர் வழிவது நின்றது. ஆனால் தட்டில் நீர் எப்போதும் நின்றது.

சில நாளில் ஓலைகள் மஞ்சளாகித் தொங்கின. "சத்து போதவில்லை" என்று நினைத்தாள். ஒரு கைப்பிடி யூரியா வாங்கிப் போட்டாள். செடிகள் இன்னும் மோசமாயின.

ஏப்ரல் மாதம் அத்தை ஊரிலிருந்து வந்தார். கால் வலியோடு மெல்ல மாடி ஏறினார். பதினாறு தொட்டிகளில் எட்டு மஞ்சளாக நின்றன.

"வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன் அத்தை. அப்படியும் வாடுது" என்று மருமகள் அழுதாள்.

அத்தை ஒரு தொட்டி மண்ணில் விரலை விட்டார். எடுத்துப் பார்த்தார். விரல் முழுதும் சேறு.

"தண்ணீர் ஊற்றாமல் செத்த செடியை விட, ஊற்றிச் செத்த செடிகள்தான் நான் அதிகம் பார்த்தது. முதலில் குடத்தைக் கீழே வை கண்ணு" என்றார்.

வேரைப் பார்த்தார்கள்

அத்தை ஒரு தொட்டியைச் சாய்க்கச் சொன்னார். மருமகள் தூரைப் பிடித்து மெல்லச் செடியை வெளியே எடுத்தாள். கெட்ட நாற்றம் அடித்தது. அடியில் இருந்த வேர்கள் கறுத்துக் குழைந்திருந்தன. தொட்டதும் தோல் உரிந்து வந்தது. மேலே சில வேர்கள் மட்டும் வெள்ளையாக, உறுதியாக இருந்தன.

"கறுப்பு செத்த வேர். வெள்ளை உயிருள்ள வேர்" என்றார் அத்தை.

"மண் ஈரமாகத்தானே இருக்கு? அப்புறம் ஏன் செடி வாடுது?"

"வேருக்கும் மூச்சு வேண்டும் கண்ணு. மண்ணுக்குள் சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். அதில் காற்று இருக்கும். நீ ஊற்றிய தண்ணீர் அந்த இடம் எல்லாம் நிறைஞ்சிட்டது. தட்டில் தண்ணீர் நிற்பதால் வடியவும் வழி இல்லை. வேர் மூச்சு முட்டி அழுகிடுச்சு. அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது. கீழே தண்ணீர் நிற்கும், மேலே ஓலை தாகத்தால் வாடும்."

மருமகளுக்கு இப்போது புரிந்தது. வாடிய செடியைப் பார்த்து அவள் இன்னும் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வேர் இன்னும் அழுகியது. நோய்க்கு மருந்து என்று எண்ணி நோயையே ஊட்டிவிட்டாள். யூரியாவும் அப்படித்தான். நொந்த வேரில் உப்பு உரம் பட்டால் அது கருகிவிடும்.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தியால் வெட்டினார்கள். பழைய சேற்று மண்ணை உதறினார்கள். புது மண்கலவை தயார் செய்தார்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. தொட்டியின் அடி ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஓட்டைகளின் மேல் ஓட்டுச்சில்லு வைத்தார்கள். பிறகு செடியை முன்பு இருந்த ஆழத்திலேயே வைத்தார்கள். தண்டு மூடும்படி ஆழமாக வைத்தால் தூர் அழுகும்.

தொட்டிகளை மாடியின் நீர்ப்போக்கி அருகே கொண்டு போனார்கள். ஒவ்வொன்றையும் செங்கல் மேல் வைத்தார்கள். இனி வடியும் நீர் குழாய் வழியாகப் போய்விடும். வீட்டுக்கார அம்மாவின் சுவரும் நனையாது. நான்கு கம்பு நட்டு, ஒரு பழைய பருத்திப் புடவையைக் கட்டி நிழல் செய்தார்கள்.

"நர்சரியில் இது நிழல்வலைக்குள் வளர்ந்த செடி. ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் ஓலை வெந்து போகும். வெயிலுக்குப் பழக்கவேண்டும் என்றால் காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கணும்" என்றார் அத்தை.

தட்டில் நெளிந்தது என்ன?

தட்டுகளை எடுக்கும்போது மருமகள் கூர்ந்து பார்த்தாள். நீரில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. அவை கொசுப் புழுக்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும்.

தட்டில் உள்ள நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுக்குள் தொட்டி வைப்பவர்களுக்குத் தட்டு தேவைதான். அவர்கள் நீர் ஊற்றிய அரை மணி நேரத்தில் தட்டு நீரைக் கொட்டிவிட வேண்டும். வாரம் ஒரு முறை தட்டைத் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்தால் செடியின் வேரும் பிழைக்கும், வீட்டில் உள்ளவர்களும் காய்ச்சலுக்குத் தப்பலாம்.

மஞ்சள் ஓலையை வெட்டலாமா?

மறுநாள் ஒரு அம்மா செடி வாங்க வந்தார். புது வீட்டுக்கு நான்கு தொட்டி வேண்டும் என்றார். உயரமான செடியாகக் கேட்டார். உயரமானவை எல்லாம் நோய்ப்பட்ட எட்டில்தான் இருந்தன.

மருமகள் உள்ளே ஓடி வந்தாள்.

"அத்தை, மஞ்சள் ஓலையை மட்டும் வெட்டிட்டுக் கொடுத்திடட்டுமா? பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். நான்கு தொட்டி என்றால் 1,800 ரூபாய்."

அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"மஞ்சள் ஓலையிலும் கொஞ்சம் சத்து மிச்சம் இருக்கும் கண்ணு. புதுக் குருத்து விட, செடி அந்தச் சத்தைத்தான் எடுத்துக்கும். பாதி பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் அதுக்கு அடுத்த ஓலை மஞ்சளாகும். முழுசாகக் காய்ந்த ஓலையைத்தான் வெட்டலாம். இப்போது வெட்டிக் கொடுத்தால் அந்த அம்மா வீட்டில் ஒரே மாதத்தில் செத்துப் போகும். அப்புறம் நம்மிடம் யார் வருவார்கள்?"

மருமகள் வெளியே வந்தாள். "அம்மா, இந்த உயரமான செடிகளுக்கு வேர் கெட்டுவிட்டது. இப்போதுதான் மண் மாற்றியிருக்கிறோம். பிழைக்குமா என்று தெரிய நாலு மாதம் ஆகும். சின்னது எட்டு நன்றாக இருக்கிறது" என்றாள்.

அந்த அம்மா இரண்டு சிறிய தொட்டி மட்டும் வாங்கினார். 900 ரூபாய் கொடுத்தார். அன்று இரவு மருமகளுக்குத் தூக்கம் வரவில்லை. விட்டுப் போன 900 ரூபாயையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சளில் பல வகை

ஓலை மஞ்சளானால் ஒரே காரணம் என்று முடிவு செய்யக் கூடாது. எந்த ஓலை மஞ்சளாகிறது, எப்படி மஞ்சளாகிறது என்று பார்க்க வேண்டும். அத்தை மருமகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தார்.

அடியில் உள்ள ஓர் ஓலை மட்டும் மெல்ல மஞ்சளாகிக் காய்ந்தால் பயம் இல்லை. அது வயதான ஓலை.

மண் சேறாக இருந்து ஓலைகள் மஞ்சளாகித் தொங்கினால் வேர் அழுகுகிறது.

வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துத் திட்டாகக் காய்ந்தால் அது வெயில் சூடு.

அடி ஓலைகளின் ஓரம் பட்டையாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் மக்னீசியச் சத்துக் குறைவு. அதற்கு உரக்கடையில் எப்சம் உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றலாம். இந்தக் குறை கண்டால் மட்டுமே ஊற்ற வேண்டும்.

அடி ஓலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் நிறைய விழுந்தால் பொட்டாஷ் சத்துக் குறைவு.

ஓலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் பல நேரம் காரணம் தண்ணீரில் இருக்கும் உப்பு. பெங்களூரில் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அது உப்பு நீர். நாள்தோறும் ஊற்றினால் உப்பு மண்ணில் சேரும். நீரில் ஃபுளோரைடு இருந்தாலும் இந்தப் பனையின் நுனி கருகும்.

"நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை பார்த்திருக்கிறாய் அல்லவா? அது ஃபுளோரைடு செய்த வேலைதான்" என்றார் அத்தை.

உண்மைதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2013-இல் அது தொடங்கி வைக்கப்பட்டது. மனிதர் பல்லுக்கு ஆகாத நீர் இந்தப் பனையின் ஓலைக்கும் ஆகாது.

இதற்கு ஒரு வழி உண்டு. மழை நீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம். மழை இல்லாத காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மண்ணைக் கழுவ வேண்டும். தொட்டியில் மெல்ல மெல்ல நிறைய நீர் ஊற்ற வேண்டும். எல்லாம் அடி ஓட்டை வழியாக ஓடிவிட வேண்டும். சேர்ந்த உப்பும் அதோடு போகும். பழுப்பான நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பச்சையில் வெட்டுப் படக் கூடாது.

குருத்தைத் தொடாதே

முருங்கையின் தலையை வெட்டினால் பக்கத்தில் கிளைக்கும். பனை இனம் அப்படி அல்ல. தென்னையின் குருத்து போனால் மரமே போகும். அழகுப் பனையும் அப்படியே. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே குருத்து. உயரத்தைக் குறைக்க நினைத்துக் குருத்தை வெட்டினால் அந்தத் தண்டு செத்துவிடும். தூரில் உள்ள மற்றத் தண்டுகள்தான் மிஞ்சும்.

பூச்சியையும் பார்க்க வேண்டும். காற்று வறண்ட வீட்டுக்குள் ஓலையின் அடியில் செஞ்சிலந்தி வரும். மெல்லிய நூலாம்படையும் வெளிறிய புள்ளிகளும் அதன் அடையாளம். மாவு பூசியது போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. ஈரத் துணியால் ஓலையின் இரு பக்கமும் துடைத்தாலே பாதி பூச்சி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பு நீரும் கலந்து தெளிக்கலாம். மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் ஓலை கருகும்.

மழைக்குப் பிறகு

ஜூன் மாதத்துக்குள் நன்றாக இருந்த எட்டுத் தொட்டியும் விற்றன. முதலில் விற்ற நான்கையும் சேர்த்தால் பன்னிரண்டு. 5,400 ரூபாய் வந்தது. அது குழுக் கடனுக்கே போதவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அத்தை காதில் இருந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். அதை அடகு வைத்துப் பிள்ளைக்குப் பணம் கட்டினார்கள்.

மழை பெய்தது. மருமகள் நாள்தோறும் காலையில் மாடி ஏறுவாள். குடத்தைத் தூக்கும் முன் விரலை மண்ணில் விடுவாள். இரண்டு கணு ஆழத்தில் ஈரம் ஒட்டினால் குடத்தைக் கீழே வைத்துவிடுவாள். மண் உதிர்ந்தால் மட்டும் நீர் ஊற்றுவாள்.

எட்டில் மூன்று செத்துப் போயின. ஐந்தில் மட்டும் நடுவில் ஈட்டி போலப் புதுக் குருத்து எழுந்தது. மெல்ல விரிந்து பச்சை ஓலை ஆனது. மஞ்சளான பழைய ஓலைகள் திரும்பப் பச்சையாகவில்லை. அவை காய்ந்த பிறகு வெட்டினாள்.

செப்டம்பரில் அந்தப் புது வீட்டு அம்மா மறுபடி வந்தார். தம் பக்கத்து வீட்டு அம்மாவையும் அழைத்து வந்தார். "அந்த உயரமான செடிகள் பிழைத்தனவா?" என்று கேட்டார். ஐந்தும் அன்றே விற்றன. 2,250 ரூபாய்.

குழுக் கடன் வட்டியோடு அடைந்தது. கம்மலும் வீட்டுக்கு வந்தது. கையில் மிஞ்சியது கொஞ்சம்தான். அடுத்த முறை மருமகள் பத்துத் தொட்டிதான் வாங்கினாள். வாங்கும் முன் நிழலும் செங்கல்லும் தயார் செய்துவிட்டாள்.

நினைவில் வைப்போம்

1. நல்ல வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் ஆகாது.

2. விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். குளிர் மாதங்களில் நீரைக் குறைக்க வேண்டும்.

3. தொட்டியின் அடியில் ஓட்டை வேண்டும். தட்டில் நீர் நிற்கக் கூடாது.

4. வளரும் காலத்தில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடலாம். நோய்ப்பட்ட செடிக்கு உரம் வேண்டாம்.

5. குருத்தை வெட்டக் கூடாது. பாதி பச்சையான ஓலையையும் வெட்டக் கூடாது.

6. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சற்றே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய ஆழத்திலேயே நட வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. மண் ஈரமாக இருந்தும் செடி ஏன் வாடியது?

2. தட்டில் நின்ற நீரால் வந்த இரண்டு கேடுகள் எவை?

3. மருமகள் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அன்று 900 ரூபாய் வராமல் போனது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு தொட்டிச் செடியின் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். இன்று அதற்கு நீர் வேண்டுமா?